தடவும்போது கடிக்கும் பூனை: அறிகுறியை வைத்துக் காரணம் பிடிப்பது

கையில் இப்போது ரத்தம் வந்துகொண்டிருந்தால் மற்றதெல்லாம் பிறகு படிக்கலாம். குழாயைத் திறந்து சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். அதற்கு மேல் செய்ய வேண்டியது கடைசிப் பகுதியில் இருக்கிறது.

ரத்தம் இல்லை, குழப்பம்தான் என்றால் மூன்று கேள்விக்கு விடை தேடுங்கள். இந்தப் பழக்கம் குட்டியிலிருந்தே உண்டா, அண்மையில் வந்ததா? உடம்பில் எந்த இடத்தைத் தொடும்போது கடிக்கிறது? கை வைத்து எவ்வளவு நேரம் கழித்து? "எங்கே தொட்டாலும் கடிக்கும், எப்போதும் கடிக்கும்" என்றுதான் முதலில் சொல்லத் தோன்றும். ஒரு வாரம் காலண்டர் தாளில் குறித்து வைத்துப் பாருங்கள்: நேரம், தொட்ட இடம், எத்தனையாவது தடவல், அதற்கு முன் பூனை என்ன செய்துகொண்டிருந்தது. அதில் ஓர் ஒழுங்கு தெரியும். அந்த ஒழுங்கை வைத்துக் கீழே உங்கள் பூனைக்குரிய தலைப்பைத் தேடலாம். ஒன்றுக்கு மேல் பொருந்தினால் வியப்பில்லை. குட்டியிலிருந்து விளையாட்டாய்க் கடித்த பூனைக்கே பத்து வயதில் மூட்டுவலியும் வரும்.

"கண்ணை மூடிச் சுகமாகத்தான் இருந்தது, திடீரென்று திரும்பிக் கடித்தது"

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான். உள்ளங்காலில் கிச்சுகிச்சு மூட்டினால் முதலில் சிரிப்பு வரும், நிறுத்தாமல் மூட்டினால் காலை உதைத்து இழுத்துக்கொள்வோம் இல்லையா, கிட்டத்தட்ட அதே கதை. ஒன்றையொன்று பிடித்துப்போன பூனைகள் நக்கிக்கொள்வதைக் கவனித்தால் தலையிலும் கழுத்திலும்தான் நக்கும். சிறிது நேரத்தில் போதும் என்று விலகிவிடும். மனிதக் கை மட்டும்தான் தலையிலிருந்து வால்வரை நீளமாக, ஒரே தாளத்தில், தொலைக்காட்சித் தொடர் முடியும்வரை தடவிக்கொண்டே இருக்கிறது.

"திடீரென்று" என்ற சொல்லை மட்டும் நம்ப வேண்டாம். கடிக்கு முன் பூனை பலமுறை சொல்லிப் பார்த்திருக்கும். குர்குர் சத்தம் நிற்கும் அல்லது விட்டு விட்டு வரும். வாலின் நுனி மட்டும் துடிக்கும். பிறகு முழு வாலும் தரையில் அடிக்கும். நாய் வாலாட்டுவதைப் பார்த்துப் பழகியவர்கள் இதை மகிழ்ச்சி என்று நினைத்துக் கையைக் கூட்டுவார்கள், கடி வாங்குவார்கள். முதுகுத் தோல் அலைபோல் ஒருமுறை சிலிர்த்து ஓடும். காது பக்கவாட்டில் திரும்பித் தட்டையாகும். கண்மணி விரியும், மங்கிய வெளிச்சத்தில் எல்லாப் பூனைக்கும் விரியும் என்பதால் இது ஒன்றை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. உடம்பு இறுகும். கடைசியாக மூக்கு உங்கள் கையின் பக்கம் திரும்பும். அதற்கடுத்தது பல்.

குர்குர் சத்தம் இருக்கிறதே என்று துணிவதும் தவறு. பயந்த பூனையும் வலியில் கிடக்கும் பூனையும்கூடக் குர்குர் என்னும்.

உங்கள் பூனையின் அளவைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்யுங்கள்:

1. நீங்கள் பூனையிடம் போகாதீர்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து, விரலை மடக்கிய கையை அதன் மூக்குக்கு ஒரு சாண் தள்ளி, மூக்கு மட்டத்தில் நீட்டுங்கள். வந்து மோந்து கன்னத்தைத் தேய்த்தால் அனுமதி. மோந்துவிட்டு முகத்தைத் திருப்பினால் இன்று வேண்டாம் என்று பொருள்.
2. கன்னத்தில் மூன்று தடவல். கையை எடுத்து மடியில் வையுங்கள்.
3. மூன்று நொடி காத்திருங்கள். தலையால் முட்டினால், கையைத் தேடி வந்தால் இன்னும் மூன்று. சும்மா உட்கார்ந்திருந்தால், தன்னைத் தானே நக்கத் தொடங்கினால் அத்துடன் விடுங்கள்.
4. எத்தனையாவது தடவலில் வால் நுனி துடிக்கிறது என்று மூன்று நாள் எண்ணுங்கள். மிகக் குறைந்த எண்ணிக்கையை எடுத்துக்கொண்டு, அதில் பாதியில் நிறுத்துங்கள். எட்டில் துடித்தால் நாலு.
5. நிறுத்தியதும் பாசிப்பயறு அளவு வேகவைத்த கோழித் துண்டோ முள் எடுத்த மீனோ கொடுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு சேராததாக இருக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். உப்புக் கருவாடும் வேண்டாம்.
6. மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவல் கூட்டலாம். அறிகுறி தெரிந்தால் இரண்டு தடவல் குறைத்துக்கொள்ளுங்கள்.

இதில் பலரும் சறுக்குவது மூன்றாவது படியில். பூனை விலகவில்லை என்பதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

இடத்தைப் பற்றி: கன்னம், மோவாய்க்குக் கீழ், கண்ணுக்கும் காதுக்கும் நடுவே முடி குறைவாக உள்ள இடம். இங்கெல்லாம் மணச் சுரப்பிகள் இருக்கின்றன. பூனை தானாகவே நாற்காலிக் காலில் தேய்ப்பதும் இந்த இடங்களைத்தான். முதுகின் முன்பாதியைப் பல பூனைகள் பொறுத்துக்கொள்ளும். வயிறும் பாதமும் வாலும் வால் அடியும் ஆபத்தான பகுதி. இங்கிலாந்தில் லிங்கன் பல்கலைக்கழகத்தார் 2015-இல் வெளியிட்ட ஆய்விலும் வால் அடியைத் தொட்டபோதுதான் பூனைகள் அதிகம் வெறுப்பைக் காட்டின. தொடும் விதத்தை மாற்றினால் பலன் உண்டா என்பதையும் சோதித்துவிட்டார்கள். நாட்டிங்காம் டிரென்ட் பல்கலைக்கழகமும் லண்டன் பேட்டர்சீ விலங்குக் காப்பகமும் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், 100 காப்பகப் பூனைகளுடன் பழக வந்தவர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்தார்கள். பூனை விரும்பினால் மட்டும் தொடு, அதன் உடல்மொழியைக் கவனி, தலைப் பக்கத்தோடு நில் என்பதுதான் பயிற்சியின் சாரம். பயிற்சிக்குப் பிறகு அதே ஆட்களிடம் பூனைகளின் முரட்டுத்தனம் குறைந்தது. பூனைக்கு யாரும் எதையும் கற்றுக்கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

"எங்கள் பூனை எந்த முன்னறிவிப்பும் தருவதில்லை" என்று சொல்பவர்களும் உண்டு. சில பூனைகள் உண்மையிலேயே தருவதில்லை. வாலை ஆட்டிப் பயனில்லை, காதை மடக்கிப் பயனில்லை, கடித்தால்தான் கை போகிறது என்று மாதக்கணக்கில் கற்றுக்கொண்டவை அவை. அவற்றுக்குத் தடவல் எண்ணிக்கையை இரண்டு மூன்றிலிருந்து தொடங்க வேண்டும். சில வாரங்களில் வால் மறுபடி பேச ஆரம்பிக்கும்.

"மல்லாந்து வயிற்றைக் காட்டுகிறது, தொட்டால் நாலு காலாலும் கவ்வுகிறது"

வயிற்றைக் காட்டுவது "உன்னை நம்புகிறேன்" என்பதற்கு. "தொடு" என்பதற்கு அல்ல. தோலுக்கு உள்ளே எலும்புக் காப்பு எதுவும் இல்லாத இடம் அது. சண்டையில் மல்லாந்து படுத்த பூனை தோற்ற பூனையும் அல்ல. அந்த நிலையில்தான் முன்கால் இரண்டால் கட்டிப்பிடித்து, பின்கால் இரண்டால் உதைத்துக் கிழித்து, வாயாலும் கடிக்க முடியும். கை வயிற்றில் பட்டதும் இந்த இயக்கம் தானாக ஓடுகிறது. கோபமே இல்லாமலும் நடக்கும்.

செய்ய வேண்டியது எளிது: பேசுங்கள், கண்ணை மெல்ல மூடித் திறந்து காட்டுங்கள், கை வைக்காதீர்கள். வயிற்றைத் தடவ விடும் பூனைகளும் இருக்கின்றன. அது அந்தப் பூனையின் குணம். பக்கத்து வீட்டுப் பூனை விடுகிறது என்பதால் உங்களுடையதைப் பழக்கப் பார்ப்பது வீண் வேலை.

"முதுகின் பின்பாதி, வால் அடியைத் தொட்டால் மட்டும் கடிக்கிறது"

மற்ற இடங்களில் எவ்வளவு தடவினாலும் சாதுவாக இருந்து, இங்கே தொட்டால் மட்டும் சீறினால், குணத்தைச் சந்தேகிக்கும் முன் உடம்பைப் பாருங்கள்.

முதல் சந்தேகம் தெள்ளுப்பூச்சி. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் அது வருடம் முழுவதும் உண்டு. பூச்சி கண்ணில் படாது, எச்சம்தான் படும். வால் அடியில் முடியைப் பிரித்து நெருக்கமான பல்லுள்ள சீப்பால் வாருங்கள். சீப்பில் வரும் கரும்பொடியை ஈரமான வெள்ளைத் தாளில் தட்டுங்கள். பொடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறம் பரவினால் அது செரித்த ரத்தம், தெள்ளு இருக்கிறது. ஒவ்வாமையுள்ள பூனைக்கு ஓரிரண்டு கடியே போதும்: முதுகின் பின்பகுதியில் கடுகு போலப் பொரிப்பொரியாகத் தட்டுப்படும், முடி கொட்டும். பூனைக்கென்று விற்கும் மருந்தை, உடல் எடைக்கு ஏற்ற அளவில் பிடரியில் விடுங்கள். வீட்டில் நாய்க்கு வாங்கியது மிச்சம் இருக்கிறது என்று அதை விடவே கூடாது. நாய் மருந்துகள் சிலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும். அது பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் கொடுத்து உயிரை வாங்கும். பாயையும் மெத்தை விரிப்பையும் வெந்நீரில் துவைக்காமல் பூனைக்கு மட்டும் மருந்து விட்டால் சில வாரங்களில் பழைய கதைதான். முட்டையும் புழுவும் துணியிலும் தரை இடுக்கிலும் கிடக்கின்றன.

இரண்டாவது, மூட்டு. 12 வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களை அமெரிக்காவில் ஆராய்ந்தபோது, 90 பூனைகளுக்கு மூட்டிலோ முதுகெலும்பிலோ தேய்மானம் தெரிந்தது (2002). பூனை பெரும்பாலும் நொண்டாது, வலியை ஒளிக்கும். மேசைக்கு ஒரே தாவலில் போனது இப்போது நாற்காலி ஏறிப் போகிறதா? முதுகின் பின்பாதி முடி நக்காமல் சிக்கலாகக் கிடக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் இடுப்பில் கை அழுத்துவதைத்தான் அது கடித்துத் தடுக்கிறது.

மூன்றாவது கொஞ்சம் அரிது. தொட்டதும் முதுகுத் தோல் ஓடி ஓடித் துடிக்கும், கண்மணி விரியும், பேய் பிடித்ததுபோல் அறையைச் சுற்றி ஓடும், தன் வாலையே துரத்திக் கடிக்கும். தோலுணர்வு மிகைக் கோளாறு என்று சொல்லலாம். தெள்ளும் மூட்டுவலியும் இல்லை என்று உறுதியான பிறகே மருத்துவர் இந்த முடிவுக்கு வருவார். இந்தத் துடிப்பு வரும்போது போனில் படம் எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி மேசையில் அதே பூனை உறைந்துபோய் எதையும் காட்டாது.

கருத்தடை செய்யாத பெட்டையாக இருந்தால் இன்னொரு காரணம் உண்டு. பருவத்தில் வால் அடியைத் தொட்டதும் இடுப்பைத் தூக்கி வாலை ஒதுக்கி நிற்கும், இரவெல்லாம் கத்தும். இணை சேர்ந்தபின் கடுவனைத் திரும்பி அறைவது பெட்டையின் இயல்பு. அந்த அறை சில சமயம் உங்களுக்கு விழுகிறது.

"இத்தனை வருடம் கடித்ததே இல்லை, இந்த வாரம் கடிக்கிறது"

இந்தத் தலைப்பில் வருகிறவர்கள் வேறு எதையும் முயன்று நாளைக் கடத்த வேண்டாம். வளர்ந்த பூனையின் குணம் ஒரு வாரத்தில் மாறினால் வலி என்றே வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கன்னத்தைத் தொட்டால் கடிக்கிறது, ஒரு பக்கமாக மெல்லுகிறது, உலர்தீனியை வாயிலிருந்து நழுவ விடுகிறது, எச்சில் வழிகிறது, வாய் நாறுகிறது: பல் அல்லது ஈறு. காதருகே தொட விடவில்லை, தலையை உதறுகிறது, காதுக்குள் காபித்தூள் போல் கருப்பு அழுக்கு: காதுச் சிற்றுண்ணி. மொட்டைமாடிச் சண்டை முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து ஓரிடம் சூடாக வீங்கியிருக்கிறது, சாப்பாடு இறங்கவில்லை: உள்ளே சீழ். மற்றப் பூனையின் பல் போன துளை உடனே மூடிவிடும், மேலே முடி வேறு. வீங்கிய பிறகே தெரியும். பத்து வயதுக்கு மேல், நிறையத் தின்றும் இளைக்கிறது, எப்போதும் பரபரப்பு: தைராய்டு.

வயிற்றைத் தொட விடாத கடுவன், மணல் தட்டுக்கு அடிக்கடி போய்க் குந்தி, சொட்டுக்கூட வராமல் கத்தினால் சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கிறது. விடியட்டும் என்று பொறுக்கக் கூடாது. ஓரிரு நாளில் இறந்துவிடும். ராத்திரியானாலும் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய கேஸ் அது.

பாரசீகப் பூனை வளர்ப்பவர்கள் அக்குளையும் தொடை இடுக்கையும் விரலால் துழாவிப் பாருங்கள். முடி சடைபிடித்து உருண்டையாகியிருந்தால், மேலே கை ஓடும் ஒவ்வொரு முறையும் தோல் வெடுக்கென்று இழுபடும். கத்தரிக்கோல் போடாதீர்கள், சடையோடு தோலும் கூடாரம்போல் எழும்பி வரும், எங்கே முடி முடிகிறது என்று தெரியாமல் தோலை வெட்டிவிடுவீர்கள். சிறிய சிக்கு என்றால் சோளமாவு தூவி, தோலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து பிரிக்கலாம். பெரிதானால் மழிக்கும் இயந்திரம்தான், அதுவும் மருத்துவரிடம்.

வலி என்று தெரிந்ததும் வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுக்கும் பழக்கம் சிலருக்கு இருக்கிறது. 500 மி.கி. மாத்திரை ஒன்றே 4 கிலோ பூனையைக் கொல்லப் போதும். அதைச் சிதைத்து வெளியேற்றும் வேலை பூனையின் ஈரலால் ஆகாது. கால், அரை என்று உடைத்துக் கொடுப்பதும் கூடாது, குழந்தை சிரப்பும் கூடாது.

"கையைக் கண்டாலே பாய்கிறது, நடந்தால் கணுக்காலைப் பிடிக்கிறது"

பெரும்பாலும் ஒரு வயதுக்குட்பட்ட குட்டி. தாயையும் உடன்பிறப்புகளையும் சீக்கிரமே பிரிந்து, வீட்டில் ஒற்றையாக வளர்வதாக இருந்தால் சந்தேகமே வேண்டாம். எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டிகள் ஒன்றோடொன்று கட்டிப் புரண்டுதான் கற்கின்றன. அழுத்திக் கடித்தால் எதிராளி கத்திக்கொண்டு விளையாட்டை விட்டுப் போய்விடும். அந்தப் பாடம் படிக்காமல் வந்த குட்டிக்கு, நாமும் விரலை ஆட்டி ஆட்டிக் கடிக்கப் பழக்கினோம். 400 கிராம் இருக்கும்போது அழகாக இருந்தது. 4 கிலோவிலும் அதைத்தான் செய்கிறது.

திருத்தம் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். கை விளையாட்டுப் பொருள் ஆகக் கூடாது. வீட்டில் ஒருவரும் விதிவிலக்கு இல்லை. மாமா மட்டும் கையால் சண்டை போட்டு விளையாடுகிறார் என்றால் பூனை பாட்டியின் கையிலும் அதே ஆட்டத்தைத் தேடும். பதிலுக்கு, ஒரு முழக் குச்சியில் இரண்டு முழக் கயிறு கட்டி, நுனியில் துணி முடிச்சோ இறகோ வைத்து, காலையும் மாலையும் பத்துப் பதினைந்து நிமிடம் விளையாட்டுக் காட்டுங்கள். எலி ஓடுவதுபோல் தரையோடு இழுத்து, நிறுத்தி, மறைவில் நுழைத்து, கடைசியில் பிடிக்க விடுங்கள். பிடித்ததும் சாப்பாடு. வேட்டை, தீனி, உடம்பை நக்குதல், தூக்கம் என்பது பூனையின் இயல்பான வரிசை. சாப்பாட்டில் முடிந்தால் அடுத்தது தூக்கம்தான். விளையாடி முடிந்ததும் கயிற்றை எடுத்துப் பூட்டி வையுங்கள். நூலை விழுங்கினால் குடல் சுருங்கிச் சுருட்டிக்கொள்ளும், அறுவை சிகிச்சை வரை போகும்.

கொஞ்சுவதற்கான நேரம் இந்த ஆட்டம் முடிந்து, சாப்பிட்டு, உடம்பை நக்கிக்கொண்டிருக்கும்போது. ஆட்டத்துக்கு முன் தடவினால் உங்கள் கையே எலி.

"ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தது, தொட்டதும் கிழித்துவிட்டது"

காயம் ஆழமாக வருவது பெரும்பாலும் இந்த வகையில்தான். வெளியே கைப்பிடிச்சுவரில் தெருக் கடுவன் நடந்து போயிருக்கும். கொசுவலைக்கு இந்தப் பக்கம் இருந்த உங்கள் பூனையால் அதை நெருங்க முடியவில்லை. உடம்பு முழுக்கச் சண்டைக்குத் தயாராகி நிற்கும் அந்த நேரத்தில் நீங்கள் முதுகில் கை வைத்தீர்கள். அடி உங்களுக்கானது இல்லை, ஆனால் நீங்கள்தான் எட்டும் தூரத்தில் இருந்தீர்கள். சமாதானப்படுத்தத் தூக்குவது இந்த நிலையில் செய்யக்கூடிய மிக மோசமான காரியம்.

விலகுங்கள். அறை விளக்கை அணைத்து, தண்ணீரும் மணல் தட்டும் உள்ளே இருப்பதை உறுதிசெய்து, கதவைச் சாத்துங்கள். இடம் மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் தடித்த அட்டையைப் பிடித்துக்கொண்டு நகர்த்துங்கள், கையால் வேண்டாம். அரை மணியில் தணியும் பூனையும் உண்டு, ஒரு நாள் முழுக்கக் கொதிப்பதும் உண்டு. தானாக வெளியே வந்து சாப்பிட்டு, காலில் உரசினால் தணிந்துவிட்டது. வீட்டில் இரண்டு பூனை இருந்து அவற்றுக்குள் இப்படி நடந்தால் தனித்தனி அறை. அவசரப்பட்டுச் சேர்த்தால் நிரந்தரப் பகை ஆகிவிடும். ஜன்னலின் கீழ்ப்பாதியில் பழைய செய்தித்தாளை ஒட்டுவதும், வாசலில் தெருப் பூனைக்கு வைக்கும் சோற்றை வேறு பக்கம் மாற்றுவதும் நிலையான தீர்வு.

சின்னச் சின்ன அறிகுறிகள்

மடியில் முன்காலால் பிசையும்போது நகம் குத்துகிறது என்பது கோபம் அல்ல. பால் குடித்த காலத்துப் பழக்கம். மடியில் மடித்த போர்வை போடுங்கள், நகத்தை வெட்டுங்கள்.

நக்கிக்கொண்டே வந்து பல் பதியாமல் மெல்லக் கடிப்பது செல்லக் கடி. வலிக்காவிட்டால் விட்டுவிடலாம். நாளுக்கு நாள் அழுத்தம் கூடினால் கையை அசைக்காமல் எழுந்து போய்விடுங்கள்.

தூங்கும்போது தொட்டால் கடிப்பது திடுக்கிடல். பெயரைச் சொல்லி எழுப்பிவிட்டுத் தொடுங்கள். காது மந்தமான கிழப் பூனைக்குப் படுக்கையின் ஓரத்தைத் தட்டினால் அதிர்வு போதும்.

வீட்டில் ஒருவரை மட்டும் கடிக்கிறது என்றால் அவர் கையை மோந்து பாருங்கள். தலைவலித் தைலம், எலுமிச்சை, வேறு பூனையின் வாசம் ஆகியவை காரணமாக இருக்கலாம். இவை எதுவும் இல்லாவிட்டால் அவர் தலைக்கு மேலிருந்து கையை இறக்குகிறாரா, கண்ணை உற்றுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். குழந்தைகள் மாட்டிக்கொள்வதும் இதனால்தான். தட்டையான கையால் தலையில் தட்டுவார்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையையும் பூனையையும் பெரியவர் துணையின்றி விடாதீர்கள்.

குட்டி போட்ட தாயைச் சில வாரம் தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

பல் கையில் இருக்கும் அந்த நொடி

கையை இழுக்காதீர்கள். ஓடும் பொருளை இறுக்குவதுதான் பூனையின் பிறவிப் பாடம். இழுத்தால் இரண்டு துளையாக முடிந்திருக்க வேண்டியது நீளக் கீறலாகும். கையைச் செத்ததுபோல் தளர்த்துங்கள். பிடி விடவில்லை என்றால் ஒரு விரற்கடை பூனையின் பக்கமாகவே தள்ளுங்கள், தாடை தளரும். விட்டதும் மெல்ல எடுத்து, பேசாமல், பார்க்காமல் விலகுங்கள்.

அடி, மூக்கில் சுண்டுதல், முகத்தில் தண்ணீர் தெளித்தல், பிடரியைப் பிடித்துத் தூக்குதல் ஆகிய நாலும் நாட்டில் நிறையப் பேர் சொல்லும் வைத்தியங்கள். இவற்றால் பூனை கற்பது ஒன்றுதான்: இந்த ஆளின் கை வந்தால் ஆபத்து. அடுத்த முறை இன்னும் சீக்கிரம் கடிக்கும்.

நகம்

கடியைக் குறைக்காது, சேதத்தைக் குறைக்கும். முன்கால் ஒவ்வொன்றிலும் ஐந்து, பின்கால் ஒவ்வொன்றிலும் நாலு, ஆக 18. உள்பக்கம் சற்று மேலே இருக்கும் கட்டைவிரல் நகத்தை மறந்துவிடுவோம். கிழப் பூனைக்கு அது வளைந்து பாதச் சதைக்குள்ளேயே குத்தும், அதுவும் கடிக்கக் காரணம் ஆகும். பாதத்தை மேலும் கீழும் மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது ரத்தநாளம். அதற்கு இரண்டு மில்லிமீட்டர் முன்பாக, கண்ணாடி போன்ற நுனியை மட்டும் வெட்டுங்கள். மனிதர் நகவெட்டி குட்டிக்குச் சரி. வளர்ந்த பூனையின் நகத்தை அது நசுக்கிப் பிளக்கும். ஒரே நாளில் 18-ஐயும் முடிக்க நினைக்காதீர்கள், தூங்கி எழும்போது இரண்டு மூன்று போதும். ரத்தம் கசிந்தால் சோளமாவை அழுத்திப் பிடியுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை. நகத்தை அறுவை சிகிச்சையால் எடுத்துவிடலாமா என்ற கேள்வி வருவதுண்டு. அது விரலின் கடைசி எலும்பையே துண்டிப்பது. நகம் போன பூனைக்கு மிஞ்சுவது பல் மட்டும்.

காயம்

முல்லை மொட்டைக் காட்டுப்பூனையின் பல்லுக்கு ஒப்பிட்டார்கள் சங்கப் புலவர்கள். உவமை அழகுக்கு மட்டும் இல்லை, அளவுக்கும் சரி: மெலிந்து, நீண்டு, கூர்ந்தது. வெளியே ஊசிக் குத்துப் போல் தெரியும், உள்ளே தசைநார் வரை போயிருக்கும். மேல்தோல் மூடிக்கொள்ள, பூனை வாயில் சாதாரணமாகவே இருக்கும் பாஸ்டுரெல்லா கிருமி உள்ளே பெருகும்.

ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம், கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள். இரண்டு நிமிடத்தில் எல்லோருக்கும் பதினைந்து ஆனதுபோல் தோன்றும். பிறகு போவிடோன் அயோடின் கிருமிநாசினி. மஞ்சள்தூள், சுண்ணாம்பு, காபித்தூள், மிளகாய்த்தூள் எதுவும் வேண்டாம், இறுக்கிக் கட்டவும் வேண்டாம்.

வெறிநோய் நாயால் மட்டும் வருவதில்லை. பூனைக் கடியாலும் கீறலாலும் வரும், வந்தபின் பிழைப்பது இல்லை என்றே சொல்ல வேண்டும். ரத்தம் வராத சிறு கீறலுக்கும் தடுப்பூசி வேண்டும். தோலைத் துளைத்து ரத்தம் வந்திருந்தால் ஊசியோடு, காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (உடனே பாதுகாக்கும் எதிர்ப்புப் பொருள்) சேரும். தோலுக்குள் போடுவது என்றால் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28-ஆம் நாட்கள்; தசையில் என்றால் 0, 3, 7, 14, 28. அரசு மருத்துவமனைகளில் கட்டணம் இல்லை. முன்பே முழுத் தவணையும் போட்டவருக்கு 0, 3 என்று இரண்டே ஊசி. பூனையைப் பத்து நாள் கவனிக்கச் சொல்வார்கள். அந்தக் கவனிப்பு முதல் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது. வீட்டுப் பூனை, வருடாவருடம் ஊசி போட்டது என்றால் அதன் தடுப்பூசி அட்டையை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்றும் கேட்பார்.

24 மணி நேரத்துக்குள் கடித்த இடம் சிவந்து வீங்கினால், விரலை மடக்க வலித்தால், சிவப்புக் கோடு கையில் மேலேறினால், காய்ச்சல் வந்தால் அன்றே போக வேண்டும். விரல் மூட்டிலும் மணிக்கட்டிலும் ஆழமாகக் கடி வாங்கியவர்கள், சர்க்கரை நோயாளிகள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீக்கத்துக்குக் காத்திருக்காமலே போய்விடுவது நல்லது. கீறல் ஆறி ஒன்று முதல் மூன்று வாரத்தில் அக்குளிலோ கழுத்திலோ நெறிகட்டினால் பூனை கீறியதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பார்டொனெல்லா என்ற கிருமியால் வருவது அது. பூனையின் நகத்துக்கு அந்தக் கிருமி வந்து சேர்வது தெள்ளுப்பூச்சியின் எச்சத்திலிருந்து.